தோலுக்குள் அப்பா

உலகத்தை அழிக்க வருகிறவர்களுக்கு உடுப்புத் தைப்பதுதான் என் அத்தையின் வேலை. அப்பாவுக்கு ஒரே அக்கா. ஸ்டுடியோவில் அவளைத் தையலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கதையை அவளும் அப்பாவும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு மட்டும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஒருவர் எழுந்து போய்விடுவார்.

அப்போது அந்த மாதிரிப் படங்களுக்கு நல்ல ஓட்டம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது பூமி அழிந்துகொண்டிருந்தது. ஒரு படத்தில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இன்னொன்றில் ஏதோ ஒரு நட்சத்திரம் வழி தவறி நம் பக்கம் வரும். வேறொன்றில் கரப்பான்பூச்சி பஸ் அளவுக்கு வளர்ந்து தெருவை மறித்துக்கொண்டு நிற்கும். பேப்பரைப் பிரித்தால் எங்கேயோ ஒரு தீவில் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள் என்று செய்தி. ஜனங்கள் ஏற்கனவே கதிகலங்கித்தான் இருந்தார்கள். அந்தக் கலக்கத்துக்கு ஒரு முகமும் வாலும் வைத்துக் காட்டினால் வரிசையில் நின்று பார்ப்பார்கள் என்று ஸ்டுடியோ முதலாளி கண்டுபிடித்திருந்தார்.

அத்தைக்கு இதெல்லாம் விளையாட்டு இல்லை. இயல்பாகவே அவள் பயந்த சுபாவம். தான் தைத்துக் கொடுக்கும் செதிலைத் தானே தொடக் கூசுவாள். ஒருநாள் விஞ்ஞானி வேஷம் போடுகிற நடிகரின் கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள், அவரிடமே கேட்டாளாம்.

"ஏங்க, நிஜமாவே மேலேருந்து ஏதாவது வருமா?"

"என்னைக் கேக்கறீங்களேம்மா! போன படத்துல நான் பிக்பாக்கெட்."

அப்பா அவளுக்கு நேர் எதிர் என்று வெளியில் பேர். ஆள் அவ்வளவு உயரம். எந்த வாசலுக்கும் குனிந்துதான் நுழைவார். சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலை. கூட்டாளிகள் கொக்கு என்று கூப்பிடுவார்கள். கொக்குக்குப் பயமே கிடையாது என்றும் சொல்வார்கள். அத்தைக்கு மட்டும்தான் உண்மை தெரியும். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது அப்பா ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டார். மூடியின் கொக்கி தானாக விழுந்துவிட்டது. தெரு முழுக்கத் தேடிக் கடைசியில் அத்தைதான் திறந்தாள். உள்ளே தம்பி கண்ணைத் திறந்தபடி, வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல் கிடந்தான். அன்று முதல் அப்பா குளியலறைக் கதவைக் கூட முழுசாகச் சாத்தியதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய உரக்கப் பாடுவார். அவருக்குப் பாட்டு வராது என்பது வேறு விஷயம்.

கிடங்கை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா வயிற்றில் நான். ஒரு மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்பா ஸ்டுடியோவுக்குப் போனார். தையல் அறையில் புதுப் பூதத்துக்கு அளவு பேசிக்கொண்டிருந்த டைரக்டர் திரும்பிப் பார்த்தார். பார்வை அப்பாவின் சட்டைப் பையில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போனது.

"யாரும்மா இது?"

"என் தம்பி சார்."

"இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

பூதத்துக்குள் தம்பியைத்தான் போடப்போகிறார் என்று அத்தைக்கு அப்போதே புரிந்துவிட்டது. டைரக்டர் போன பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டா. அது மூடின உடுப்பு. உன்னால முடியாது."

"நீதானே தைக்கப்போற? வேற யாராவது தைச்சா நான் போகமாட்டேன்கா" என்றார் அப்பா.

அந்த ஒரு வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிட்டார். தைரியத்தில் சொன்னதில்லை அது. வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது.

அந்த உடுப்பை ஸ்டுடியோவில் தோல் என்று சொல்வார்கள். அடியில் கனத்த கேன்வாஸ், அதன் மேல் பஞ்சு, அதற்கு மேல் ரப்பர் பால் ஊற்றிக் காய வைத்து ஒட்டிய செதில்கள். தலையும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும். முதுகில் கயிறு கோத்து இறுக்கி, கயிறு கேமராவுக்குத் தெரியாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் பட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். போட்டுக்கொண்டவர் தானாக வெளியே வரவே முடியாது. பார்ப்பதற்குக் கழுத்துப் பக்கம் இரண்டு ஓட்டை. மூச்சுக்குப் பூதத்தின் வாய். கதைப்படி அது சாம்பல் நிறமான ஒரு கோளிலிருந்து வந்து கடலில் விழுந்து, கரையேறி, ஊர் ஊராக மிதித்துக்கொண்டு போகும்.

முதல் நாள் போட்டுப் பார்த்தபோது, முதுகுக் கயிற்றை இறுக்கிய மறு நிமிஷமே அப்பா உள்ளே துள்ள ஆரம்பித்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "என்னமா நடிக்கிறான்யா!" அத்தை ஓடிப்போய்க் கழுத்து ஓட்டையில் வாயை வைத்தாள்.

"நான் இங்கதான்டா இருக்கேன். என் குரல் கேக்குதா? கேக்குதுன்னா அசையாம நில்லு."

துள்ளல் நின்றது. உள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது, துருத்தி மாதிரி.

அன்றே ஒரு சைகை பேசி வைத்துக்கொண்டார்கள். உள்ளே முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். பூதத்தின் கை எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் குழப்பம் வராது. டைரக்டரும் அதற்கு ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான் அவர். ஆனால் படத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டால் மனுஷர்கள் அவர் கண்ணுக்குப் படமாட்டார்கள்.

நாளாக ஆக அப்பாவுக்குப் பழகிவிட்டது. அப்படித்தான் சொன்னார். மத்தியானம் முதுகைப் பிரித்து, தோலை இடுப்பு வரை உரித்துவிட்டு, முட்டியளவு உயரமான அட்டை ஊருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். தபால் ஆபீஸ் கூரை மேல் டீ கிளாஸை வைப்பார். பூட்ஸைக் கவிழ்த்தால் வேர்வை கொட்டும். "அக்கா, இன்னிக்கு ரெண்டு பாலத்தை ஒடைச்சேன்" என்று சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு தடவை பசையைத் தடவும்போதும், பெட்டி மூடியைத் தானே சாத்துகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. கத்தரிக்கோலை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து வைக்கவே மாட்டாள். சாப்பிடும்போதும் அது இடுப்பில் குத்திக்கொண்டிருக்கும்.

கடைசிக் காட்சி வந்தது. ஊர் முழுக்கப் பற்றி எரிய வேண்டும், நடுவில் பூதம் நிற்க வேண்டும். அட்டை ஊர் ஒன்றுதான். எரிந்தால் எரிந்ததுதான், மறுபடி கட்ட முதலாளி சம்மதிக்கமாட்டார். தீ வைக்கிற வேலைக்கென்று இருந்த நெருப்புக்காரர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எண்ணெயில் நனைத்த துணியைச் செருகிக்கொண்டு வந்தார். பெரிய பெரிய விசிறிகளைச் சுற்றிலும் வைத்தார்கள்.

அப்பாவை உள்ளே வைத்துப் பசை ஒட்டி முடித்த நேரத்தில், கதாநாயகியின் கோட்டில் தையல் விட்டுவிட்டது என்று அத்தைக்கு ஆள் வந்தது. "போய்ட்டு வந்துடறேன்டா. எப்படியும் லைட் வைக்க நேரமாகும்" என்று ஓட்டையில் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் போன பிறகுதான் டைரக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. முடிவில் பூதம் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினால் என்ன? தன் கூட்டத்தைக் கூப்பிடுகிற மாதிரி. இது முடிவில்லை, இன்னும் வரப்போகிறார்கள் என்று ஜனங்கள் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கை ரொம்பக் கனம், அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள். உடனே மேலே பரணிலிருந்து கம்பிகளை இறக்கி மணிக்கட்டிலும் தோளிலும் மாட்டினார்கள். அப்பா கையைத் தூக்கினால் பரணில் இருப்பவர்கள் கம்பியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். டைரக்டர் கழுத்து ஓட்டையில் வந்து விளக்கினார்.

"சரி சார்" என்றார் அப்பா.

"உங்களுக்கு அந்தச் சைகை ஞாபகமே வரலையாப்பா?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"வந்துச்சு. அத்தனை பேர் நிக்கறாங்க. எல்லாரும் குஷியா இருக்காங்க. 'சார், அது நான் பயந்தா காட்டற சைகை'ன்னு எப்படிம்மா சொல்றது?"

தீ வைத்தார்கள். அத்தை கோட்டை முடித்துவிட்டுத் திரும்பியபோது செட்டின் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஷாட் போய்க்கொண்டிருந்தால் யாரும் நுழையக்கூடாது. வாசல்காரர் கையை நீட்டி மறித்தார். அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

முதலில் வெப்பம் முகத்தில் அடித்தது. விசிறிகளின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. புகைக்கு நடுவே, எரிகிற ஊருக்கு மேலே, அவள் தைத்த பூதம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நின்ற உதவி டைரக்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கையத் தூக்கிட்டான்! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"ஷாட்டே அதாம்மா. இப்பதான் மாத்தினோம். சும்மா இருங்க, பிரமாதமா வருது."

அவள் நின்றாள். அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அத்தை இரண்டு கையையும் மடியில் இறுகக் கோத்துக்கொள்வாள். நடிக்கிறானா, கூப்பிடுகிறானா? நடிக்கிறான் என்றால், ஓடிப்போய் நிறுத்தினால், எல்லாம் போயிற்று. எரிந்த ஊரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவனுக்கும் வேலை போகும், அவளுக்கும் போகும். கர்ப்பிணியாக ஒருத்தி வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிடுகிறான் என்றால்?

முகத்தைப் பார்த்தாள். ரப்பர் முகம். அவளே வரைந்த கோபம் அதில் அப்படியே இருந்தது. கையைப் பார்த்தாள். அசையவில்லை. பின்னால் யாரோ "அடடா, என்ன நிலை, என்ன நிலை" என்றார்கள்.

காலைப் பார்த்தாள். அப்பாவுக்கு எங்கே நின்றாலும் ஒரே காலில் பாரம் போட்டு நிற்க வராது. இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். தோலுக்குள்ளும் அப்படித்தான். அதனால்தான் அந்த முட்டிகளில் மட்டும் ரப்பர் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும், அவள் தினமும் ஒட்டுவாள். இப்போது முட்டி இரண்டும் ஒன்றாக மடங்கியிருந்தன. பாதம் உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. விசிறிக் காற்றில் பூதம் லேசாக ஆடியது.

நிற்கவில்லை. தொங்குகிறான்.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. எரிகிற ஊருக்குள் இறங்கி ஓடினாள். ரயில்வே ஸ்டேஷன் அவள் காலில் பட்டுச் சரிந்தது. ஆஸ்பத்திரியை மிதித்துக்கொண்டு போனாள். பாவாடை ஓரத்தில் தீ பிடித்தது கூடத் தெரியவில்லை. "யாரது? யாரது உள்ள?" என்று டைரக்டர் கத்தினார். "கேமராவை நிறுத்தாதே!" என்று வேறு ஒரு குரல்.

பூதத்தின் முதுகுக்குப் போனாள். பசை இறுகியிருந்தது, நகத்தால் பிய்த்தாள். பட்டை பாதிதான் வந்தது. கத்தரியை உள்ளே விட்டுக் கயிற்றை ஒவ்வொன்றாக வெட்டினாள். கத்தரி நழுவி உள்ளே அப்பாவின் முதுகில் கீறியது. அவர் கத்தவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட அவளைப் பயமுறுத்தியது. வெட்டிய இடத்தில் புகை வெளியே வந்தது, உள்ளே சேர்ந்திருந்த புகை.

"கம்பிய விடுங்கடா!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

பூதம் அப்படியே அவள் மேல் சாய்ந்தது.

நெருப்புக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டவர். வாளித் தண்ணீரை அத்தையின் பாவாடையில் கொட்டிவிட்டு, அப்பாவைத் தோலிலிருந்து இழுத்தெடுத்து, இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலுக்கு வெளியே பட்டப்பகல். தரையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் திருப்பினார். உதடு நீலம். மூக்கைச் சுற்றிக் கரி. அத்தை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. நெருப்புக்காரர் முதுகில் அடித்தார், நெஞ்சை அழுத்தினார், மறுபடி அடித்தார். எவ்வளவு நேரம் என்று அத்தையால் கடைசி வரை சொல்ல முடியவில்லை. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே உனக்கு அப்பா இல்லைன்னு உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிட்டு இருந்தேன்" என்பாள்.

பிறகு ஒரு இருமல். கறுப்பாக ஏதோ வாயிலிருந்து வந்தது. அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் தடம் போக வெகுநாள் ஆயிற்று.

உள்ளே நடந்ததை அப்பா எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார். தீ வைத்த கொஞ்ச நேரத்திலேயே புகை பூதத்தின் வாய் வழியாக இறங்க ஆரம்பித்துவிட்டது. கத்தினார். கத்தியது அவர் காதுக்குள்ளேயே மோதியது, வெளியே விசிறிச் சத்தம். அக்கா பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். உடனே கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டது, கையைக் கீழே கொண்டுவர முடியவில்லை. ஓட்டை வழியாக நெருப்பு மட்டும் தெரிந்தது. அப்போது தூரத்தில் ஒரு குரல் சந்தோஷமாகக் கத்தியது: "அருமை! அப்படியே நில்லு!" நினைவு தப்புவதற்கு முன் அவர் கேட்ட கடைசி வார்த்தை அது.

ஆஸ்பத்திரியில் டைரக்டர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அழுதார். ஆனால் படம் வந்தபோது அந்தக் காட்சி அதில் இருந்தது. அத்தை ஓடிவரும் இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டியிருந்தார்கள்.

அப்பா பார்க்கப் போகவில்லை. அத்தை போனாள், மத்தியான ஆட்டத்துக்கு, தனியாக. கொட்டகை நிறைந்திருந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டு, சிரித்து, மறுபடி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் புருஷன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே, "போயிடுச்சா? போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஊர் எரிந்தது. பூதம் கையைத் தூக்கியது. கொட்டகை அடங்கிப் போயிற்று. ஒரு சத்தம் இல்லை. அந்த ஷாட்டை நீளமாக, ரொம்ப நீளமாக விட்டிருந்தார்கள். முட்டிகள் மடங்குகிற இடம் வந்தது. அத்தை தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றது பின்வரிசை.

உட்கார்ந்தாள். விளக்குப் போட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அப்பாவின் குரல் பழையபடி திரும்பவில்லை. நான் பிறந்தபோது என்னைக் கொஞ்சியது அந்தக் கரகரத்த குரல்தான், எனக்கு அதுதான் அப்பாவின் குரல். நகரசபைப் பூங்காவில் மரம் வெட்டிச் சீராக்குகிற வேலை கிடைத்தது. திறந்த வெளி, உயரமான ஏணி. சந்தோஷமாகத்தான் இருந்தார். எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகள் அந்தப் பூதம் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு விளையாடுவார்கள். நான் மட்டும் சேரமாட்டேன்.

அத்தையோ அந்த வேலையை விடவில்லை. "விட்டுட்டா வேற யாரோ தைப்பாங்க. அவங்களுக்கு எவன் உள்ள இருந்தா என்ன?" என்பாள். படம் நன்றாக ஓடியதால் டைரக்டர் அடுத்த பூதத்துக்கு ஏற்பாடு செய்தார். இந்தத் தடவை திறப்பை முதுகில் வைக்க முடியாது, நெஞ்சில்தான், உள்ளே இருப்பவன் கைக்கு எட்டுகிற மாதிரி, என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"இணைப்புத் தெரியுமேம்மா, கேமராவுல."

"தெரியட்டும் சார்."

அவர் அவள் கையைப் பார்த்தார். அன்றைய தீக்காயத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவின் இடத்துக்கு ஒரு மல்யுத்தக்காரரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும் ஆள், சிரித்த முகம். அத்தை அவரைப் புதுத் தோலுக்குள் வைத்து மூடிவிட்டு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். லைட் தயார். கேமரா தயார். எல்லோரும் அவள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தார்கள்.

"இப்ப நீங்களே தெறந்துட்டு வெளிய வாங்க" என்றாள்.

உள்ளிருந்து சிரிப்பு. "எனக்கு பயமெல்லாம் கிடையாதும்மா. ஷாட்டை எடுங்க."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு. தெறங்க."

ரப்பர் விரல்கள் நெஞ்சைத் தடவின. கொக்கி அகப்படவில்லை. இடது பக்கம் தேடின, வலது பக்கம் தேடின. சிரிப்பு நின்று, மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அத்தையின் விரல்கள் பைக்குள் கத்தரியைத் தேடிப் பிடித்துக்கொண்டன. கடைசியில் கொக்கி விட்டது. வேர்த்து விறுவிறுத்த முகம் வெளியே வந்தது. அதில் இப்போது சிரிப்பு இல்லை.

"இன்னொரு தடவை" என்றாள் அத்தை. "கண்ணை மூடிட்டே பண்ணுங்க."